வட சென்னையில் ஒரு டர்ஃப் மைதானம்: ஐந்துக்கு மூன்றரை

நான் டூவீலர் மெக்கானிக். ஓட்டல், செல்போன், சினிமா எதற்கும் இதுவரை விமர்சனம் எழுதியது கிடையாது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளை வாயால் திட்டியதோடு சரி. ஆனால் மூன்று வருடமாக வாரத்துக்கு ஐந்து நாள், சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழு வரை, ஒரு மைதானத்தின் கம்பி வேலிக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே என் மகள் பந்து ஆடுகிறாள். மூன்று வருடம் வண்டி ஓட்டியவனிடம் மைலேஜ் கேட்பதில்லையா, அந்த மாதிரி இந்த மைதானத்தைப் பற்றி என்னிடம் கேட்கலாம்.

எந்த மைதானம் என்று சொல்லமாட்டேன். வட சென்னையில், பொதுப் பணத்தில் டர்ஃப், அதாவது செயற்கைப் புல், போட்ட ஒன்று. அவ்வளவு போதும். பெயரைப் போட்டால் முதலில் திட்டு வாங்கப்போகிறவர் கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் தாத்தாதான். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேட்டுச் சாவியைத் தவிர அவர் கையில் வேறு எதுவும் கொடுக்கப்படவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது இதே இடம் மண் மைதானம். வெறுங்காலில் லெஃப்ட் பேக் ஆடியிருக்கிறேன். மழை பெய்தால் நாலு நாள் குளம், வெயில் அடித்தால் புழுதி. இரண்டு கோல் போஸ்ட்டுக்கும் முன்னால் பள்ளம் விழுந்து, அதில் உடைந்த பாட்டில் சில்லு கிடக்கும். என் இடது முழங்காலில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. இப்போது அங்கே மழை விட்டு ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் ஆடுகிறார்கள். பந்து நேராக உருள்கிறது. இது சின்ன விஷயமில்லை. மண்ணில் ஆடிப் பழகியவன் பந்து எங்கே எகிறுமோ என்று காலைப் பார்த்துக்கொண்டே ஆடுவான். என் மகள் தலையைத் தூக்கி ஆடுகிறாள். யாருக்குப் பந்தைக் கொடுப்பது என்று முன்கூட்டியே பார்க்கிறாள். என் காலத்தில் எங்களில் ஒருத்தனுக்கும் அது வராது.

எங்கள் பக்கம் கால்பந்து எப்படிப்பட்ட விஷயம் என்று தெரியாதவர்களுக்காக ஒன்று. வியாசர்பாடியை ‘மினி பிரேசில்’ என்பார்கள். இந்தியாவுக்காக ஆடிய தனபால் கணேஷ் அந்தப் பகுதிக்காரர். தெருவுக்குத் தெரு கேரம் கிளப் ஒன்று, கால்பந்து டீம் ஒன்று இருக்கும். மீன்பாடி வண்டி ஓட்டுகிறவரிடம் பேச்சுக் கொடுத்தால், அவரும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு டீமுக்கு கோல் கீப்பராக இருந்திருப்பார்.

சரி, இப்போது புல்லுக்கு வருவோம். என் தொழில் புத்திக்கு இதுதான் பிடித்த பகுதி.

பாய் விரிக்கிற மாதிரி ஒரு தடவை விரித்துவிட்டால் முடிந்தது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடியில் ஜல்லி போட்டு, தண்ணீர் வடிய வழி செய்து, அதற்கு மேல்தான் பிளாஸ்டிக் இழை வைத்த விரிப்பு வருகிறது. கால்பந்து மைதானத்தில் அந்த இழை 40 முதல் 60 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். இழைகளுக்கு நடுவில் சிலிகா மணலும் கறுப்பு ரப்பர் துகளும் கொட்டி நிரப்புவார்கள். புல் நிமிர்ந்து நிற்பது, பந்து அளவாகத் துள்ளுவது, விழுகிற பிள்ளையின் முட்டி தப்பிப்பது எல்லாம் அந்த மணலும் துகளும் சரியான அளவில் இருப்பதைப் பொறுத்தது. அந்தத் துகள் பெரும்பாலும் பழைய டயரை அரைத்து எடுப்பது. நான் கழற்றி ஓரமாகப் போடுகிற டயரில் ஏதாவது ஒன்று என் மகள் காலடியிலேயே கிடக்கிறதோ என்று சில நாள் தோன்றும். அவள் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றித் தட்டினால் அரை ஸ்பூன் கறுப்புத் துகள் கொட்டும். என் மனைவி அதைப் பெருக்கிக்கொண்டே, ஏதோ கடை அழுக்கை நான்தான் கொண்டுவந்த மாதிரி என்னைப் பார்ப்பாள். இந்தத் துகள் மண்ணிலும் தண்ணீரிலும் போய்ச் சேருகிறது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு விதி கொண்டுவந்திருக்கிறது. அதன்படி 2031 அக்டோபருக்கு மேல் அங்கே மைதானங்களுக்கு இதை விற்க முடியாது. அது தனிக் கதை.

வண்டிக்கு இருக்கிற மாதிரி இதற்கும் சர்வீஸ் இருக்கிறது. கனமான பிரஷ்ஷை இழுத்துப் படுத்த புல்லை அடிக்கடி நிமிர்த்த வேண்டும். துகள் குறைந்த இடத்தில் மறுபடி கொட்ட வேண்டும். இரண்டு விரிப்பை ஒட்டியிருக்கும் மூட்டு பிரிகிறதா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் ஒழுங்காக நடந்தால் எட்டு, பத்து வருடம் உழைக்கும். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க என்னோடு வந்து வேலிக்கு வெளியே உட்காருங்கள்.

தெற்குப் பக்க கோல் முன்னால் துகள் சுத்தமாகப் போய்விட்டது. அங்கே இழை வழுக்கையில் வாரிய முடி மாதிரி ஒரே பக்கம் படுத்துக் கிடக்கிறது. அதன் மேல் சறுக்கி விழுந்தால் தொடையில் தோல் உரிகிறது. பசங்க அதை ‘டர்ஃப் சூடு’ என்கிறார்கள். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் மூட்டு ஒன்று ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்து வாயைத் திறந்திருக்கிறது. வடக்கு மூலையில் வரிசையாக எட்டு ஓட்டை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. ஏரியாவில் ஒரு பெரிய மனிதருக்குப் பிறந்தநாள். அதற்காக ஒரு டோர்னமென்ட். பரிசு கொடுக்கிற மேடைக்கு நிழல் வேண்டுமென்று ஷாமியானா போட்டார்கள். பந்தல் கயிறு கட்ட இரும்பு முளையை நேராகப் புல்லிலேயே அடித்தார்கள். தாத்தா ஓடிப்போய், “இதுல அடிக்கக் கூடாதுப்பா” என்றார். “ஓரமா நில்லு பெருசு” என்று பதில் வந்தது. கோப்பை, ரொக்கம், ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஓட்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

விளக்கு ஆறு கம்பத்தில் நான்கு எரிகிறது. நான்கே போதும் என்றுதான் சொல்வேன், ஆனால் எரியாத இரண்டும் ஒரே பக்கம் என்பதால் ஒரு டீமின் கோல் கீப்பருக்கு ஆறரை மணிக்கு மேல் பந்து இருட்டிலிருந்து வருகிறது. வெயில் காலத்தில் பத்திலிருந்து நான்கு வரை கேட் பூட்டு. அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். சித்திரை மாத மத்தியானத்தில் செயற்கைப் புல்லின் மேல்பக்கம் 60 டிகிரியைத் தாண்டும். ஒரு தடவை பூட்ட மறந்த நாளில் உள்ளே போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சைலன்சரில் வைத்த மாதிரி இருந்தது.

கழிப்பறையைப் பற்றி எழுதாமல் விட முடியாது. ஒன்று இருக்கிறது. டைல்ஸ் போட்டது. பூட்டியிருக்கிறது. அந்தச் சாவி தாத்தாவிடம் இல்லை. யாரிடம் இருக்கிறது என்று மூன்று இடத்தில் கேட்டேன், ஒவ்வொரு இடமும் அடுத்த இடத்தைக் காட்டியது. பையன்கள் சுவரைத் தேடிப் போய்விடுகிறார்கள். எங்கள் பயிற்சியில் ஒன்பது பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் மகள் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தாள். ஒன்றரை மணி நேரம் ஓடுகிற பிள்ளை, தண்ணீர் குடிக்காமல் வந்துகொண்டிருந்தாள். எனக்கு இது தெரியவே ஒரு வருடம் ஆனது. அதுவும் அவள் அம்மா சொல்லித்தான். ஒன்றரை நட்சத்திரத்தைக் குறைத்தேன் என்றால் அதில் ஒரு முழு நட்சத்திரம் இந்தப் பூட்டுக்கு.

இப்போது பணத்துக்கு வருகிறேன். இந்த விமர்சனம் எழுதத் தோன்றியதே அதனால்தான்.

2024 அக்டோபர் கடைசி. தீபாவளி வியாழக்கிழமை. ஊருக்குப் போகிறவர்கள் எல்லாம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, “நாளைக்குக் காலைல வேணும்ணா” என்று போகிற வாரம். செவ்வாய்க்கிழமை சென்னை மாநகராட்சிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் பராமரிக்கக் கொடுப்பது, விளையாட வருகிற ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் கட்டணம் வாங்குவது, வருகிற வருமானத்தில் ஒரு பங்கு மாநகராட்சிக்கு என்று ஏற்பாடு. செய்தி வெளியே வந்ததும் சத்தம் கிளம்பியது. எதிர்க்கட்சி கண்டித்தது, கூட்டணியில் இருந்த மார்க்சிஸ்ட் கட்சியும் எதிர்த்தது. மறுநாளே தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். கட்டணம் கிடையாது, மாநகராட்சியே பராமரிக்கும் என்று அறிவிப்பு வந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் இதெல்லாம் முடிந்துபோனதால், பட்டாசுச் சத்தத்தில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

உண்மையைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி நான் அந்தத் தீர்மானத்தின் பக்கம் இருந்தேன்.

பூட்டிய கழிப்பறை, பிரிந்த மூட்டு, முளை அடித்த ஓட்டை எல்லாம் தினமும் பார்க்கிறவனுக்கு, “தனியார்கிட்ட குடுத்தாலாவது சுத்தமா வச்சிருப்பான்” என்ற எண்ணம் வருவது இயல்புதானே? என் கடையிலும் பார்த்திருக்கிறேன். ஓசியில் செய்து கொடுத்த வேலைக்கு மரியாதை கிடையாது. பஞ்சருக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தவன் டயரைப் பார்த்து ஓட்டுவான், சும்மா ஒட்டிக் கொடுத்தால் மறுநாள் ஆணி மேலேயே ஏற்றிக்கொண்டு வருவான். அதைத்தான் என் மனைவியிடமும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் பில் புத்தகத்தின் பின்பக்கத்தையும் பேனாவையும் என் முன்னால் வைத்தாள்.

மகளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், 180 ரூபாய். வாரத்துக்கு ஐந்து நாள், 900. மாதம் 3,600. சின்னவனும் வாரத்துக்கு மூன்று நாள் போகிறான், அவனுக்கு மாதம் 2,160. இரண்டும் சேர்த்து 5,760. ஒரு ஜெனரல் சர்வீஸுக்கு நான் கூலி 450 வாங்குகிறேன். கிட்டத்தட்ட பதின்மூன்று வண்டி. மாதத்தில் பதின்மூன்று வண்டியை நான் பிரித்து, கழுவி, மாட்டினால்தான் என் பிள்ளைகள் பந்தை உதைக்க முடியும். எனக்காவது கடை இருக்கிறது. மகளோடு ஆடுகிற ஒரு பெண்ணின் அம்மா நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். அவர் கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அதோடு விட்டிருந்தால் ‘பாவம், ஏழைகள்’ என்ற பேச்சாக முடிந்திருக்கும். இன்னொரு கணக்கு ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒரு தனியார் டர்ஃப் இருக்கிறது. ஐந்துக்கு ஐந்து ஆடுகிற அளவு. சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்கு 1,200 ரூபாய். பத்துப் பேர் பிரித்தால் ஆளுக்கு 120. அதே 120! இடத்துக்குக் காசு போட்டு, கடன் வாங்கி, கரண்டு பில் கட்டி, லாபமும் பார்க்கிற முதலாளி வாங்குகிற அதே தொகை. பொது இடத்தில், பொதுப் பணத்தில் ஏற்கெனவே போட்ட புல்லுக்கும் அதே தொகை என்றால், நான் கட்டின வரி எங்கே போய் உட்கார்ந்தது? பெரிய மைதானத்தில் இருபது பேர் ஆடினால் மணிக்கு 2,400. தனியாரைப் போல இரண்டு மடங்கு.

வரி என்று சொன்னதால் அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு 540 சதுர அடி. 2022இல் சொத்து வரியை ஏற்றியபோது, சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கிற வீட்டுக்கு 50 சதவீதம் கூடியது. 1,200 அடி வரை 75, அதற்கு மேல் 100, 1,800 அடியைத் தாண்டினால் 150. 2024இல் இன்னொரு 6 சதவீதம். முணுமுணுத்துக்கொண்டே கட்டினேன். கட்டவே கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. கட்டிய பிறகு கேட்டில் நின்று இன்னொரு தடவை டிக்கெட் வாங்கு என்றால்தான் கோபம் வருகிறது.

ஆனால் எதிர்த் தரப்பு முட்டாள்தனமாகப் பேசுகிறது என்று நான் சொல்லமாட்டேன். என் கடைக்கு எதிரில் வாட்டர் கேன் போடுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். கல்யாணம் ஆகாதவர், ஐம்பது தாண்டியவர். தீர்மானத்தை வாபஸ் வாங்கிய அன்றைக்கு டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“உன் பொண்ணு பந்து ஆட நான் எதுக்குடா வரி கட்டணும்?”

“நீங்களும் வந்து ஆடுங்கண்ணா.”

“எனக்குச் சுகர். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு. அந்தக் கம்பிக்குள்ள நடக்க விடுவியா? பூங்காவுல நடந்தா நாய் துரத்துது. எட்டு மணிக்கு மேல ஆடுறவன் போடுற சத்தத்துல தூக்கமும் இல்ல. எனக்கு அந்தக் கிரவுண்டால என்ன லாபம், சொல்லு பார்ப்போம்.”

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. அவர் கேட்டது நியாயம். பழைய மண் மைதானத்தில் ஓரமாகக் கிழவர்கள் நடப்பார்கள், அம்மாக்கள் குழந்தைக்குச் சோறு ஊட்டுவார்கள், ஒரு மூலையில் கபடி நடக்கும், பட்டம் விடுகிறவன் பந்து ஆடுகிறவனிடம் சண்டை போடுவான். செயற்கைப் புல்லும் கம்பி வேலியும் வந்ததும் அது கால்பந்துக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. புல்லைக் காப்பாற்ற வேலி வேண்டும்தான். ஆனால் வேலிக்கும் கோட்டுக்கும் நடுவில் நாலடி நடைபாதை போட்டிருந்தால் கேன் அண்ணன் என்னிடம் சண்டைக்கு வந்திருக்கமாட்டார். பிளான் போட்ட யாரும் அவரிடம் கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை, நான் அதிர்ஷ்டத்துக்குக் கால்பந்துக்காரனாக இருந்தேன்.

தாத்தாவிடம் பேசி ஒரு ஏற்பாடு செய்தோம். காலை ஐந்திலிருந்து ஆறு வரை, பிள்ளைகள் வருவதற்கு முன், வெறுங்காலில் ஓரமாக நடக்கலாம். அண்ணன் இப்போது தினமும் நடக்கிறார். அதனால் மனம் மாறிவிட்டார் என்று நினைத்தால் தப்பு. “என் வரிக்கு நான் நடக்கிறேன். உன் பொண்ணு ஆடறதுக்கு நீ குடு” என்று இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் டீக்கடையில் யாராவது ஒருவர் கார் ரேஸை இழுப்பார். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1, தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையில் ராத்திரியில் நடந்த ஃபார்முலா 4. முந்தின டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. அரசு செலவழித்த 42 கோடி ரூபாய் பற்றி உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது, பிப்ரவரியில் போட்டிக்கு அனுமதியும் கிடைத்தது. நான் இன்ஜின் சத்தத்தில் பிழைக்கிறவன். அந்த வண்டி கியர் இறக்கும்போது வருகிற சத்தத்தைக் கேட்டால் எனக்கு மயிர் கூச்செறியும். ரேஸ் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டு ராத்திரி ஓடுகிற போட்டிக்கு அந்தத் தொகையைத் தேட முடிந்தவர்களுக்கு, வருடம் முழுக்க ஆடுகிற ஒன்பது மைதானத்துக்குப் பிரஷ் இழுக்கிற ஆளைத் தேட முடியாது என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

ஜெயித்த பிறகு கொடுப்பதில் நம் ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தத் தீர்மானம் வந்து போன சில நாளிலேயே, நவம்பரில், வண்ணாரப்பேட்டை ஆட்டோ டிரைவரின் மகள் காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. கொடுக்க வேண்டியதுதான், எங்கள் ஏரியாவே கொண்டாடியது. ஆனால் கேரம் பழக ஒரு போர்டும் ஒரு அறையும் போதும். பந்துக்கு இடம் வேண்டும். எங்கள் பக்கம் இருக்கிற வீடுகளில் பந்தை ஒரு தடவை தட்டினால் பக்கத்து வீட்டு அடுப்பில் போய் விழும்.

அந்தத் தனியார் டர்ஃபையும் ஒப்பிட்டுச் சொல்வதுதான் முறை. மகளின் பிறந்தநாளுக்கு அவள் தோழிகளோடு ஒரு மணி நேரம் எடுத்துக் கொடுத்தேன். செல்போனிலேயே புக் பண்ணலாம். கழிப்பறை பளபளவென்று இருந்தது. புல் நன்றாக நிமிர்ந்து நின்றது, துகள் நிறைவாக இருந்தது, எட்டு விளக்கும் எரிந்தது. ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் விசில் அடித்தார்கள். அடுத்த ஆட்கள் ஷூ மாட்டிக்கொண்டு ரெடியாக நின்றார்கள். வெளியே வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். “நல்லா இருந்துச்சுப்பா. ஆனா அங்க வேடிக்கை பாக்க ஆளே இல்ல” என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. எங்கள் மைதானத்தில் பயிற்சி நடக்கும்போது வேலிக்கு வெளியே சின்னப் பிள்ளைகள் இருபது பேராவது ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். யாராவது ஒருத்தி வரவில்லை என்றால் கோச் அவர்களில் ஒருத்தியைக் கூப்பிட்டுவிடுவார். என் மகளும் அப்படி வேலியிலிருந்து உள்ளே போனவள்தான். மணிக்கு 120 என்று இருந்திருந்தால் அன்றைக்கு அவளைக் கோச் கூப்பிட்டிருக்கவே முடியாது, என் சட்டைப் பையில் அப்போது எவ்வளவு இருந்தது என்று எனக்கு ஞாபகமில்லை.

கோச்சைப் பற்றி ஒரு வரி. சம்பளம் வாங்காமல் சொல்லிக் கொடுக்கிறார், பகலில் கூரியர் வேலை. அவருக்கு மட்டும் தனியாக ஐந்து நட்சத்திரம்.

அப்புறம், நாங்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தெற்கு கோல் வலை கிழிந்து மூன்று மாதம் ஆனது. எழுதிக் கொடுத்த மனுவுக்குப் பதில் இல்லை. ஒரு பையனின் அப்பா காசிமேட்டில் போட்டில் வேலை செய்கிறவர். ஒருநாள் வலை பின்னுகிற ஊசியும் நைலான் நூலும் கொண்டுவந்தார். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். வஞ்சிரமே தப்பாது, பந்து தப்புமா என்று கேட்டார். நான் என் பங்குக்கு ஆங்கிள் இரும்பை வெல்டிங் செய்து, கெட்டி நைலான் பிரஷ் நான்கைப் போல்ட் போட்டு மாட்டி, கையால் இழுக்கிற மாதிரி ஒரு சட்டம் செய்தேன். பதினான்கு பெற்றோர், ஆளுக்கு 250 ரூபாய். அந்த 3,500இல் இரும்பு, பிரஷ், போல்ட் எல்லாம் அடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் முறை வைத்து இழுக்கிறோம். படுத்த புல்லில் பாதி எழுந்துவிட்டது. ஆனால் துகள் வாங்கிக் கொட்டுவதும் மூட்டு ஒட்டுவதும் எங்கள் கையில் இல்லை, அதற்குத் தனிப் பசையும் பழகின ஆளும் வேண்டும்.

இப்படி நாங்களே செய்வது சரிதானா என்று எனக்கே சந்தேகம் உண்டு. நாம் இழுத்தால், இழுக்க வேண்டியவர்கள் இனி எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். இன்னொரு வருடத்தில் யாராவது வந்து, “மக்களே பார்த்துக்கறாங்களே” என்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். கேன் அண்ணன் இதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிறார். “வரியும் கட்டுற, பிரஷ்ஷும் இழுக்கற. நீ மெக்கானிக்கா, மாடா?” சிரித்துவிட்டேன். ஆனால் ராத்திரி அது காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

கட்டணமே கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் நான் தயாராக இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஐ.டி. கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே ஆட வருகிற பசங்க இருக்கிறார்கள். அவர்கள் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்தால் ஒன்றும் ஆகிவிடாது. பிறந்தநாள் டோர்னமென்ட் வைக்கிறவர் முன்பணம் கட்டட்டும், ஓட்டை போட்டால் அதில் பிடித்துக்கொள்ளட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் மட்டும் ஒரு பைசா வாங்கக் கூடாது. வாங்கிய காசு எங்கே போனது என்று கேட்டிலேயே ஒரு போர்டில் மாதாமாதம் எழுதிப் போட வேண்டும். என் கடையில் பழைய பாகத்தைக் கழற்றினால் பையில் போட்டு வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவேன், மாற்றினேனா இல்லையா என்று அவர் பார்த்துக்கொள்ளலாம். அந்த மாதிரி.

முதல் முறை வருகிறவர்களுக்கு: அடியில் ரப்பர் குமிழ் வைத்த ஷூ போட்டு வாருங்கள், இரும்பு ஸ்டட் வேண்டாம், புல்லைக் கிழிக்கும். மே மாதம் என்றால் ஐந்தரைக்கு முன் வராதீர்கள். தெற்கு கோலில் சறுக்கிப் பந்தைத் தட்டாதீர்கள். பெண் பிள்ளைகளைக் கூட்டிவருகிறவர்கள், கேட்டுக்கு எதிர் வீட்டு அக்காவிடம் சொன்னால் அவர் வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்த விடுகிறார். கூச்சப்பட வேண்டாம், ஒன்பது பிள்ளைகளும் இப்போது அங்கேதான் போகிறார்கள். என் மகள் மறுபடி சாயங்காலம் தண்ணீர் குடிக்க ஆரம்பித்திருக்கிறாள். வரும்போது தாத்தாவுக்கு ஒரு டீ வாங்கி வாருங்கள், சர்க்கரை இல்லாமல்.